தோன்றா எழுவாய்

இனி வருவதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதல்ல. ஒற்றெழுத்து உட்பட எல்லாம் நடந்தவை. பெற்றவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றால் அவர்கள் போய் நாளாகிவிட்டது. ஆகவே அச்சில் உள்ளதன்மேல் சத்தியம்: சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மடல், நாற்பத்தோராவது இதழ், எட்டாம் பக்கம், வலது மூலையில் கறுப்புக் கட்டம். இந்தக் கதைக்கு அந்த இதழைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

மடலை எழுதியவருக்கு ஐம்பத்துமூன்று வயது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட தொகுதி அலுவலகத்தில் ஜன்னலோர மேசை அவருடையது. இடப்பக்கம் மனுக்கள், வலப்பக்கம் மனுக்களுக்கான பதில்கள், நடுவில் ஒரு பழைய கணினி. அதில் த விசை மட்டும் மக்கர் செய்யும். ஓங்கிக் குத்தினால்தான் விழும். விழாவிட்டால் ‘தி’ என்று அடித்தது ‘இ’ ஆகிவிடும். புது விசைப்பலகை கேட்டு அவரே ஒரு மனு எழுதி இடப்பக்கம் வைத்திருந்தார். வலப்பக்கத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மாதம் ஒரு மடல், எட்டுப் பக்கம். எந்தத் தெருவில் குழாய் மாற்றினார்கள், எந்தப் பள்ளியில் வாசிப்புப் போட்டி, கண் பரிசோதனை முகாம் எங்கே, ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த சிறுமி யார் மகள், எல்லாம் அதில் வரும். அச்சகத்துக்குப் பத்து நாள், தபாலுக்கு ஒரு வாரம். வீடு போய்ச் சேரும்போது செய்தி ஆறிப்போயிருக்கக் கூடாது என்பதால், நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே அவர் எழுதுவார். அவர் பொய்யர் இல்லை. கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான்.

உறுப்பினரை அலுவலகத்தில் எல்லோரும் மேடம் என்றார்கள். மேடத்துக்கு ஒரே ஒரு பிடிவாதம்: மடலில் திருத்தம் போடக் கூடாது. ஒரு வரி தப்பு என்று ஒப்புக்கொண்டால், எட்டுப் பக்கத்தையும் ஜனங்கள் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணிப்பு. ஆகவே மடலைத் திருத்துவதற்குப் பதில் தொகுதியைத் திருத்துவது வழக்கமாயிற்று. பன்னிரண்டாவது இதழில், பெண்கள் பள்ளியில் புதிய பாடம் ஒன்று தொடங்கப்பட்டது என்பது புதிய பாலம் என்று அச்சாகிவிட்டது. மேடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பொறியாளரைக் கூப்பிட்டார். வகுப்புக் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே, காய்ந்த கட்டாந்தரையின் மேல், கைப்பிடி வைத்த பாலம் எழுந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஓர் ஓடை எங்கிருந்தோ வழி விசாரித்துக்கொண்டு வந்து, அந்தப் பாலத்துக்குக் கீழே புகுந்து ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. அதன் பிறகு மடலில் வருவதைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை.

அதே பள்ளியில்தான் மடலை எழுதியவருடைய அக்கா முப்பத்தோரு வருஷம் நூலக ஆசிரியையாக இருந்தார். அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது முதல் வேலை வாங்கிக் கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “இரவல் கொடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்ல, எதுக்கு வம்பு” என்பார். அவர் ஓய்வுபெற்ற மறுவாரமே நூலக அறைக்குள் உடைந்த பெஞ்சுகள் குடியேறின. பதின்மூன்று வருஷம் அக்கா மனு எழுதினார். தம்பியின் மேசையில் இடப்பக்க அடுக்கில் பாதி அவருடைய கையெழுத்து.

கடைசியில் அனுமதி வந்தது. வந்த அனுமதியைப் படித்த அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெஞ்சுகளை வெளியே எடுத்து, பன்னிரண்டாம் தேதி விழா நடத்தி, நூலகத்தைத் திறக்கலாம். திறந்து வைப்பவர் முன்னாள் நூலக ஆசிரியை. மாதக் கடைசியில் அறையைச் சாமான் கிடங்காகக் கல்வித் துறையிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

“பதினெட்டு நாள் நூலகம்டா. பெஞ்சுங்க லீவுல போயிட்டு வருது” என்றார் அக்கா.

தம்பி அலுவலகத்துக்குப் போய் மூன்றாம் பக்கத்துக்கு ஒரு செய்தி அடித்தார்: ‘பள்ளியின் முன்னாள் நூலக ஆசிரியை, மாணவியர் சூழ்ந்து நிற்க, நூலகத்தை மீண்டும் திறந்தார்.’ மனசு சரியில்லாததால் விரலில் பலமில்லை. த விழவில்லை. ‘நூலகத்தை மீண்டும் இறந்தார்’ என்று தாள் வெளியே வந்தது.

அடுத்துப் பார்த்தவர் மெய்ப்புத் திருத்துபவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்றால் உயிரைக் கொடுப்பவர், ஊரில் பெயரே ஒற்று ஐயா. இறந்தார் என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை, அதன் முன்னால் ஐ உருபு வரவே வராது என்று கண்டு, நூலகத்தை என்பதை நூலகத்தில் என்று மாற்றினார். ஒருவர் ஒருமுறைதான் இறக்க முடியும் என்பதால் ‘மீண்டும்’ என்ற சொல்லை அடித்தார். ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். இறந்தது யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உருபு உருபுதான்.

அச்சகத்தில் பக்கம் கட்டும் பெண் நல்ல மனசுக்காரி. ஓவியப் போட்டிக்கும் கண் முகாமுக்கும் நடுவே ஒரு சாவு கிடப்பதைப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை. அதை எட்டாம் பக்கத்துக்கு எடுத்துப்போய்க் கறுப்புக் கட்டம் போட்டாள். தம்பி கொடுத்திருந்த சிரிக்கிற படம் பொருந்தாது என்று, பள்ளியின் பழைய கோப்பிலிருந்து முறைக்கிற படம் ஒன்றைத் தேடி வாங்கி வைத்தாள். இப்படி ஒவ்வொருவரும் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார்கள். ஒன்பதாம் தேதி காலை, பதினோராயிரம் வீடுகளில் அக்கா இறந்துபோனார்.

தம்பி மடலைப் பார்த்தது மாடிப்படியில். எட்டாம் பக்கம் கண்ணில் பட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தன் கையால் அடித்த வாக்கியம். பிறகு எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் நான்கு தெரு தாண்டி அக்கா வீட்டுக்கு நடந்தார். எழுபத்தொரு வயது நெஞ்சு, படித்திருந்தால் என்ன ஆகுமோ என்ற நினைப்பில் அவருடைய நெஞ்சுதான் படபடத்தது.

அக்கா சமையலறை மேசையில் மடலை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் கட்டத்துக்குள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“வா. எத்தனை மணிக்கு செத்தேன்னு போடலியே. செய்தின்னா நேரம் வேணாமா?”

“அக்கா, அது வந்து, த விழல.”

“விழாது. சின்ன வயசுல இருந்தே நீ அழுத்தி எழுத மாட்ட.” படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இந்தப் படத்தை யாருடா குடுத்தது? செத்தவளைப் பாத்தா பரிதாபம் வரணும். இதைப் பாத்தா புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கணும்னுதான் தோணும்.”

அவர் வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தை அன்று மாலையே பலித்தது. பள்ளியின் வாசலில் முதல் புத்தகம் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். நாற்பது வயதுப் பெண். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த பூகோளப் புத்தகம். காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பேருந்தை நடுத்தெருவில் நிறுத்தியிருந்ததைக்கூட மறந்து அழுதார். மறுநாள் நாற்பது வந்தன. அதற்கு அடுத்த நாள் தபால்காரர் தனி வண்டி கேட்டார். கடல் தாண்டி இருந்தவர்கள் பெட்டிகட்டி அனுப்பினார்கள். சிலவற்றில் மன்னிப்புக் கடிதம் இருந்தது, சிலவற்றில் காய்ந்த இலை. பாதி படித்த பக்கத்தில் மடிப்பு கலையாமல் சில வந்தன. ஒரு நீதிபதி பன்னிரண்டு புத்தகங்களைத் திருப்பினார். பதினொன்றுதான் அவர் எடுத்தது. மூன்றே நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது. நூலகத்தில் மொத்தம் இருந்ததே ஆயிரம் புத்தகங்கள் என்று தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்.

இது எதுவும் தம்பிக்குச் சந்தோஷமாக இல்லை. தொலைபேசியில் கேட்டவர்களிடம் ‘ஆமாம்’ என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ‘இல்லை’ என்று சொல்ல மேடம் விடவில்லை. “மடல்ல வந்திருக்கு” என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் துணிந்து மேடத்தின் அறைக்குள் போய், திருத்தம் போட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். பாலம் கட்டியவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றே நினைத்துப் போனார். மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

“போட்டுடலாம் சார். மனுஷ உசிரு. எனக்கு மட்டும் மனசு இல்லையா?” என்றார். பிறகு மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

துறையிலிருந்து வந்தது. பொதுமக்களின் உணர்வை மதித்து, மேற்படி அறைக்கு மறைந்த ஆசிரியையின் பெயரைச் சூட்டலாம். நினைவு அறைகளை வேறு உபயோகத்துக்கு மாற்ற விதியில் இடமில்லை. எனவே கிடங்கு உத்தரவு ரத்தாகிறது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: உயிருடன் இருப்பவர் பெயரை எந்த அறைக்கும் சூட்டலாகாது.

தம்பி இரண்டு முறை படித்தார். திருத்தம் வந்தால் அக்கா பிழைப்பார், நூலகம் போய்விடும். வராவிட்டால் நூலகம் பிழைக்கும்.

“நான் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. உங்க அக்காகிட்ட கேளுங்க” என்றார் மேடம்.

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தார். சின்ன எழுத்து வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அடுப்பில் பால் பொங்கியது; யாரும் எழுந்து போகவில்லை.

“செத்தா என்னென்ன போகும்?” என்று கேட்டார்.

வாக்காளர் பட்டியலில் பேர் போகும். ஓய்வூதியத்துக்காக வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்ச்சான்று இனிக் கொடுக்க முடியாது. பழைய மாணவிகள் யாரையும் கூப்பிட்டுப் பேச முடியாது. தெருவில் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பக் கூடாது. தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“நீ இருக்கியே, நீ கூப்பிட மாட்டியா?”

“நான் என்னைக்கு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்?”

“அப்புறம் என்ன. அக்கான்னு கூப்பிட சான்றிதழ் வேண்டாம்.” கடிதத்தை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார். “முப்பத்தோரு வருஷம் புத்தகம் புத்தகம்னு கெஞ்சினேன். ஒருத்தி கொண்டு வரல. செத்து மூணு நாள்ல அலமாரி பத்தல. உசிரோட இருந்து நான் என்னத்தைக் கிழிச்சேன் சொல்லு. செத்ததாவே இருக்கட்டும்டா.”

அப்படியாக அக்கா செத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவரே கதவைத் திறந்தார். இறந்தவருடைய தங்கை என்று சொல்லிக்கொண்டார். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னவர்களுக்கு நல்ல காபி கிடைத்தது. ரொம்பக் கண்டிப்பானவர் என்றவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. தம்பி மூலையில் உட்கார்ந்து, தன் எதிரே நடமாடுகிறவருக்காக வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை. எல்லோரும் போன பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. “போதும்டா, நிஜமா போகும்போது கொஞ்சம் மிச்சம் வை” என்று அக்கா துண்டை எடுத்துக் கொடுத்தார்.

துக்கத்துக்காகப் பன்னிரண்டாம் தேதி விழாவை இருபதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கதவின் மேலே புதுப் பலகை, அக்காவின் பெயர், கீழே முறைக்கிற படம். நானூறு மாணவிகள் வரிசையில் நின்றார்கள். மேடம் நாடாவை வெட்டி, சாவியைத் திருப்பி, கதவைத் தள்ளினார். அசையவில்லை. தலைமையாசிரியர் தள்ளினார். காவலாளி தோளால் இடித்தார். பூட்டுக்காரரை வரவழைத்தார்கள்; பூட்டு திறந்துதான் இருக்கிறது, கதவுக்குத்தான் மனசில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கினார். மழையில் ஊறி உப்பிய கதவு. நாற்பது வருஷமாக அது அப்படித்தான்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில், பெரிய கண்ணாடியும் தலையில் சால்வையுமாக நின்ற அம்மாளுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. தம்பி முழங்கையைப் பிடித்தார். அந்தக் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த அம்மாள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, யாரையும் பார்க்காமல், கதவின் கைப்பிடியை இரண்டு அங்குலம் தூக்கி, இடது முழங்காலால் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து புத்தக வாசனை நானூறு பேர் மேலும் வந்து விழுந்தது.

மேலே படம், கீழே அதே முறைப்பு. பேருந்து ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், “திறந்துட்டாங்க” என்றாள்.

மேடம் அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க யாரும்மா?” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“செத்தவளோட தங்கச்சி.”

“அவங்க மாதிரியே இருக்கீங்க.”

“அவ கொஞ்சம் உயரம்” என்றார் அக்கா.

மேடம் தலையசைத்தார். நானூறு மாணவிகளும் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பு அன்று மாலைக்குள் பதினோராயிரம் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த இதழுக்கு விழாச் செய்தி எழுத வேண்டும். தம்பி த விசையை ஓங்கி ஓங்கிக் குத்தி, ‘முன்னாள் நூலக ஆசிரியை நூலகத்தைத் திறந்தார்’ என்று அடித்தார். மூன்று முறை விரல் வைத்துச் சரிபார்த்தார். அதை அஞ்சலில் அனுப்ப மனம் வராமல் தானே எடுத்துக்கொண்டு ஒற்று ஐயாவின் வீட்டுக்குப் போனார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இறந்தவர் எப்படித் திறப்பார், இங்கே ஒரு த் மிகுந்துவிட்டது என்று பேனாவை எடுத்தார். தம்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். முடிக்கும்போது, அக்காவின் பெயரும் வரக் கூடாது, பொய்யும் வரக் கூடாது, திறந்தது அவர்தான் என்பதும் போகக் கூடாது, எப்படி எழுதுவது என்று கேட்டார்.

ஒற்று ஐயா வெகுநேரம் தாளைப் பார்த்தார். தான் அடித்த அந்த ‘மீண்டும்’ அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை மட்டும் மெல்லக் கோடிட்டு எடுத்தார்.

‘நூலகத்தைத் திறந்தார்.’

“யார்னு கேப்பாங்களே ஐயா.”

“தோன்றா எழுவாய், தம்பி. இல்லைன்னு அர்த்தம் இல்ல. இருக்கு. வெளிய தெரியல, அவ்வளவுதான். வினைமுற்றைப் பாத்தா யாருன்னு தெரிஞ்சுக்கலாம்.”

ஒற்றையும் சரிபார்த்தார். மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. கையொப்பமிட்டார்.

ஏழு வருஷம் அக்கா தினமும் பத்து மணிக்கு வந்து, கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் தட்டி, தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். பதிவேட்டில் அவர் பெயர் எங்கும் இல்லை. எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்ப மறந்த பெண்களிடம் அவர் ஒன்றும் சொல்வதில்லை; மேலே கையை மட்டும் காட்டுவார். ஏழாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில், நாற்காலியில் இருந்தபடியே தலை சாய்ந்தது. வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து வந்து சூழ்ந்து நின்றார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை, அது நூலகம்.

தம்பி வந்து பார்த்தார். அழுகை கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாலையில் ஜன்னலோர மேசைக்குப் போய் ஒரு வரி அடித்து, ஒற்று ஐயாவிடம் எடுத்துப் போனார். ஐயாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பள்ளியின் முன்னாள் நூலக ஆசிரியை, மாணவியர் சூழ்ந்து நிற்க, நூலகத்தில் இறந்தார்.

“பிழை இல்ல, தம்பி. ஆனா இது நாற்பத்தோராவது இதழ்லயே வந்தாச்சு. கூறியது கூறல் குற்றம்.”

தம்பி தாளை மடித்து, அந்தப் பழைய கடிதம் இருந்த சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்தத் தொகுதி மடல் மொத்தம் வெளிவந்தது நாற்பது இதழ்.